ஆன்லைன் பெட்டிஷன் போடலாமா? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிஃப்ட் வாரக்கணக்கில் ஓடவில்லை, லோங்காங் (வடிகால்) அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, பள்ளிக்கூட வாசலில் லோரிகள் வேகமாகப் போகின்றன. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் “பெட்டிஷன் போட்டுவிடலாமே” என்பார். அரை மணி நேரத்தில் லிங்க் வந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழப்பமே. குடியிருப்பாளர் சங்க வேலைகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கோலாலம்பூரை மனத்தில் வைத்து எழுதியது. பினாங்கில் மாறுபடுவதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பத்தாயிரம் பேர் கையெழுத்துப் போட்டால் அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

மலேசியாவில் அப்படி ஒரு விதி கிடையாது. இந்தப் பத்தாயிரம் கணக்கு பிரிட்டனுடையது. அங்கே நாடாளுமன்றமும் அரசாங்கமும் சேர்ந்து ஒரு மனுத் தளம் வைத்திருக்கின்றன. 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசாங்கம் எழுத்தில் பதில் தரும். 1,00,000 சேர்ந்தால் நாடாளுமன்றத்தில் விவாதிக்கலாமா என்று பரிசீலிப்பார்கள். தென் கொரியாவிலும் 2017 முதல் 2022 வரை அதிபர் மாளிகை இப்படி ஒன்றை நடத்தியது. முப்பது நாளில் 2,00,000 பேர் சேர்ந்தால் அதிகாரிகள் பதில் சொன்னார்கள்.

நாம் பயன்படுத்தும் சேஞ்ச்.ஓஆர்ஜி போன்றவை தனியார் தளங்கள். அங்கே எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும் சட்டப்படி யாரையும் அது கட்டுப்படுத்தாது. பெறுநர் என்ற இடத்தில் அமைச்சர் பெயரைப் போட்டதாலேயே அவர் அதைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. பதில் கட்டாயம் என்றாலும் நீங்கள் விரும்பும் பதில்தான் வரும் என்று இல்லை. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டாம் என்று பிரிட்டனில் போடப்பட்ட மனுவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். விதிப்படி விவாதமும் நடந்தது. அரசாங்கம் முடியாது என்று சொல்லிவிட்டது.

அப்படியென்றால் எதற்குப் போட வேண்டும்?

ஆட்களைச் சேர்க்க. என்னைக் கேட்டால் ஆன்லைன் மனுவின் உண்மையான பயன் அதுதான். உங்கள் பிளாக்கில் யாருக்கெல்லாம் இதே பிரச்சினை, யார் ஒரு மணி நேரம் ஒதுக்கி வருவார், யார் வீட்டில் வக்கீல் இருக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு எண் வேண்டும். “குடியிருப்பாளர்கள் அதிருப்தி” என்பதைவிட “640 பேர் கையெழுத்து” என்ற தலைப்பைப் போடுவது அவர்களுக்குச் சுலபம். நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அப்படித்தான். அவர் எழுந்து கேள்வி கேட்க வேண்டுமென்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

மனுவைப் போட்டுவிட்டு எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, கல்யாணப் பத்திரிகை அடித்து வீட்டிலேயே அடுக்கி வைத்திருப்பது மாதிரி. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

நாடாளுமன்றத்திலேயே மனு கொடுக்க வழி இல்லையா?

இருக்கிறது. மக்களவையின் நிலைக்கட்டளைகளில் மனுவுக்கென்று தனி விதியே உண்டு. ஆனால் நீங்கள் நேரே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது, ஓர் உறுப்பினர் வழியாகத்தான் போக வேண்டும். நடைமுறையில் பெரும்பாலோர் அந்த வழியில் போவதில்லை. நாடாளுமன்ற வாசலில் மகஜர் கொடுப்பார்கள், இரண்டு மூன்று உறுப்பினர்கள் வெளியே வந்து வாங்கிக்கொள்வார்கள், படம் எடுப்பார்கள், மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் வரும். அதனால் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கிக்கொண்டவரிடம் “அடுத்த கூட்டத்தொடரில் இதைக் கேள்வியாகக் கேட்பீர்களா?” என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். அது நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறும். பதிவேடு நாடாளுமன்ற இணையத்தளத்திலேயே கிடைக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம்.

மனுவை யாருக்கு எழுதுவது? பிரதமருக்கே போட்டுவிட்டால் என்ன?

பிரதமருக்குப் போட்டால் பிரதமர் அலுவலகம் அதைச் சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு அனுப்பும். நீங்கள் நேரே அனுப்பியிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. 1974-இல் கூட்டரசுப் பிரதேசமான பிறகு இங்கே சட்டமன்றம் கிடையாது, சட்டமன்ற உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து நாடு முழுவதும் நடப்பதில்லை. ஆகவே மாநகர் மன்றத்தில், அதாவது டிபிகேஎல்-இல், நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லை. டத்தோ பண்டார், அதாவது மேயர், நியமிக்கப்படுபவர். உங்கள் ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. அதனால்தான் லோங்காங் பிரச்சினைக்குக்கூட நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடி ஓடுகிறோம். அவரும் டிபிகேஎல்-க்குக் கடிதம்தான் எழுத முடியும், உத்தரவு போட முடியாது. இது தெரிந்தால் அவரைத் திட்டுவது கொஞ்சம் குறையும்.

பொதுவாகச் சொன்னால் சாலை, வடிகால், குப்பை, கடை உரிமம், கட்டட அனுமதி எல்லாம் மாநகர் மன்றம். குழாய்த் தண்ணீர் என்றால் கோலாலம்பூரில் ஆயர் சிலாங்கூர், பினாங்கில் மாநிலத்தின் நீர் விநியோக நிறுவனம். பள்ளிக்கூடம் என்றால் கல்வி இலாகா, பிறகு அமைச்சு; அதற்கும் முன்னால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கடிதம் கையில் இருந்தால் எடை கூடும். அடுக்குமாடி நிர்வாகத்தில் தகராறு, பராமரிப்புப் பணம் எங்கே போனது என்ற சண்டை என்றால் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி கட்டட ஆணையர் இருக்கிறார்; ஸ்ட்ராட்டா தீர்ப்பாயமும் இருக்கிறது. இந்த மாதிரி விஷயத்துக்குப் பெட்டிஷன் போடுவது வீண் வேலை. நேரே தீர்ப்பாயத்துக்குப் போங்கள்.

புகார் கொடுப்பதும் மனுப் போடுவதும் ஒன்றுதானே?

இல்லை, முதலில் புகார். மாநகர் மன்றத்துக்கு அடு@கேஎல் என்ற ஆன்லைன் முறை இருக்கிறது. கூட்டரசு அமைச்சுகளுக்கும் இலாகாக்களுக்கும் சிஸ்பா என்ற பொதுப் புகார் முறை இருக்கிறது. அவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் 1971-இல் தொடங்கப்பட்ட பொதுப் புகார் பிரிவு, பிபிஏ, இருக்கிறது. எங்கே புகார் செய்தாலும் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்தான் உங்கள் மனுவுக்கு முதுகெலும்பு. புகார் எண் இல்லாத மனுவைப் பார்த்தவுடன் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, “எங்களிடம் புகார் செய்தீர்களா?” செய்யவில்லை என்றால் “முதலில் செய்யுங்கள்” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

மனுவை எப்படி எழுதுவது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாதி மனுக்கள் இங்கேதான் சாகின்றன.

நான் பார்க்கும் மனுக்களில் பல இப்படித் தொடங்கும்: “பல ஆண்டுகளாகப் புறக்கணிக்கப்பட்டு, சொல்லொணாத் துயரத்தில் வாடும் எங்கள் மக்களின் கண்ணீருக்கு இந்த அரசாங்கம் என்ன பதில் சொல்லப் போகிறது?” படித்தால் ரத்தம் கொதிக்கும். ஆனால் அதிகாரி மேசையில் இருந்து பாருங்கள். எந்த பிளாக், எந்த லிஃப்ட், எப்போதிலிருந்து, என்ன செய்ய வேண்டும், ஒன்றும் தெரியாது. அவர் எடுத்துக் கோப்பில் போட்டுவிடுவார்.

அதையே இப்படி எழுதலாம்: “சி பிளாக்கில் மூன்று லிஃப்ட் உள்ளன. 2-ஆம் எண் லிஃப்ட் ஜனவரி முதல் இயங்கவில்லை. 3-ஆம் எண் லிஃப்ட் வாரத்துக்கு இரண்டு முறையாவது நடுவில் நின்றுவிடுகிறது. இந்த பிளாக்கில் பத்தாவது மாடிக்கு மேல் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் நான்கு பேர், டயாலிசிஸுக்குப் போய் வருபவர்கள் மூன்று பேர். இதுவரை ஐந்து புகார்கள் கொடுத்துள்ளோம், எண்கள் இணைப்பில். எங்கள் கோரிக்கை இரண்டு: 2-ஆம் எண் லிஃப்ட் எந்தத் தேதிக்குள் சரிசெய்யப்படும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதுவரை 3-ஆம் எண் லிஃப்டுக்கு வாரம் ஒருமுறை பரிசோதனை வேண்டும்.”

கண்ணீர் என்ற சொல்லே இல்லை. ஆனால் டயாலிசிஸ் நோயாளி பத்து மாடி ஏறுகிறார் என்று படிக்கிறவருக்கு வேறு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் பதிவெண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். விளக்குக் கம்பம் எரியவில்லை என்றால் கம்பத்தில் இருக்கும் எண். சாலைக் குழி என்றால் எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே என்பது. படம் எடுக்கும்போது ஒரு படம் அருகில், ஒரு படம் தூரத்தில். தூரத்துப் படத்தில் கடையோ பெயர்ப் பலகையோ தெரிந்தால் இடம் எது என்ற விவாதமே வராது. கோரிக்கை ஒன்றோ இரண்டோ போதும். ஒரே மனுவில் லிஃப்ட், கார் நிறுத்துமிடம், நாய்த் தொல்லை, சூராவுக்கு (சிறிய தொழுகைக் கூடம்) பக்கத்துக் குப்பைத்தொட்டி என்று ஏழெட்டு விஷயங்களைக் கோத்தால் எது மிகச் சுலபமோ அதை மட்டும் செய்துவிட்டு “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று பதில் வரும்.

கடைசியில் “எஸ்.கே.” போட்டு, நகல் யாருக்கெல்லாம் போகிறது என்று எழுத மறக்காதீர்கள். நகல் பட்டியலில் நாடாளுமன்ற உறுப்பினர் பெயரைப் பார்த்தால் கோப்பு சற்று வேகமாக நகரும். நகர வேண்டியதில்லை, ஆனால் நகரும்.

தமிழில் எழுதலாமா?

கடிதம் மலாயில் இருக்கட்டும். அலுவலகத்தில் பதில் எழுதப்போகிறவர் அதைப் படிக்க வேண்டும், மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர்களுக்காகத் தமிழிலும் அதே வாசகத்தைப் போடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்ட ஒரு பாட்டியிடம் பத்திரிகைக்காரர் போய்க் கேட்டால் மொத்த மனுவின் மரியாதையும் போய்விடும். பக்கத்து வீட்டுச் சீனரும் மலாய்க்காரரும் அதே லிஃப்டில்தான் போகிறார்கள். அவர்கள் பெயரும் வேண்டும். “இந்தியர் பிரச்சினை” என்று முத்திரை விழுந்தால் அது ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் மேசைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும் அபாயம் உண்டு.

எத்தனை கையெழுத்து இருந்தால் போதும்?

எத்தனை என்பதைவிட யாருடையது என்பது முக்கியம். 300 வீடுகள் உள்ள பிளாக்கில் 220 வீடுகள் கையெழுத்துப் போட்டிருந்தால் அது மிகப் பெரிய எண். அதே விஷயத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து 5,000 பேர் போட்டிருந்தால், அவர்களில் எத்தனை பேர் இந்த பிளாக்கில் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். உள்ளூர் விஷயத்துக்கு முகவரி. தேசிய விஷயத்துக்கு எண்ணிக்கை.

தமிழ்நாட்டில், சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களையும் போடச் சொல்லலாமா?

வேண்டாம். தளம் அனுமதிக்கும், ஆனால் பட்டியலைப் புரட்டிப் பார்க்கிறவருக்குச் சென்னை, கோயம்புத்தூர், துபாய் என்று வரிசையாக வந்தால் சிரிப்புத்தான் வரும். ஒரே ஆள் நான்கு ஈமெயிலில் போடுவது, செத்துப்போன தாத்தா பெயரைச் சேர்ப்பது இதெல்லாம் இன்னும் மோசம். மொட்டைப் பெட்டிஷனுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

அண்ணே, ஐசி நம்பர் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? பணமும் கேட்கிறது!

பொதுவில் தெரியும் இடத்தில் அடையாள அட்டை எண்ணை ஒருபோதும் போடாதீர்கள். கூகுள் ஃபார்மில் கேட்டால், யார் அதை நடத்துகிறார், பட்டியல் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர் நடத்தும் மனு அதற்குள் வருமா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது நல்லது. காகிதத்தில் வாங்கும்போது பெயர், வீட்டு எண், கையெழுத்து, மிஞ்சிப்போனால் ஐசியின் கடைசி நான்கு இலக்கம். அது போதும்.

பணம் விஷயம்: கையெழுத்துப் போட்டவுடன் சேஞ்ச்.ஓஆர்ஜி “இந்த மனுவை இன்னும் பலருக்குக் கொண்டுசேர்க்கப் பணம் கொடுங்கள்” என்று கேட்கும். அந்தப் பணம் தளத்துக்குப் போகிறது; மனுப் போட்டவருக்கோ, மனுவில் படத்தில் இருக்கும் குழந்தையின் மருத்துவச் செலவுக்கோ போவதில்லை. இதைத் தெரியாமல் பணம் கொடுத்துவிட்டு ஏற்பாட்டாளரைத் திருடன் என்று நினைத்தவர்கள் உண்டு. பாவம், அவருக்கு ஒரு காசு வந்திருக்காது.

கையெழுத்துப் போட்டால் வம்பு வருமா?

லிஃப்டுக்கும் லோங்காங்குக்கும் ஒன்றும் வராது. கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. ஆனால் அதே பிரிவு நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. 1948-ஆம் ஆண்டு தேசநிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு இணையத்தில் எழுதுவதற்குப் பொருந்தும். இனம், சமயம், அரசர் இந்த மூன்றையும் தொட்டு எழுதும்போது ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். மனுவைவிட அதற்குக் கீழே ஆட்கள் எழுதும் கருத்துகளில்தான் ஆபத்து அதிகம்.

பெயரைக் குறிப்பிட்டு “இந்த அதிகாரி லஞ்சம் வாங்குகிறார்” என்று எழுதாதீர்கள். ஆதாரம் இருந்தால் அதற்கு ஊழல் தடுப்பு ஆணையம் இருக்கிறது. ஆதாரம் இல்லையென்றால் அவதூறு வழக்கு இருக்கிறது.

அரசாங்க ஊழியர்களுக்கு 1993-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன, பொது அறிக்கைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆசிரியர்கள் அதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும், கட்டாயப்படுத்தாதீர்கள்.

அம்மாவுக்கு ஈமெயிலே இல்லை. என் போனிலேயே எல்லாருக்கும் போட்டுவிடவா?

கூடாது. ஒரே போனிலிருந்து வரிசையாக வந்த பெயர்களைத் தளமே நீக்கிவிடலாம். பெரியவர்களுக்குக் காகிதம்தான். சனிக்கிழமை காலை பாசாருக்குப் போகிற நேரத்தில் லிஃப்ட் வாசலில் ஒரு மேசை, இரண்டு பேனா, நாற்காலி. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு நாமே ஏறிப் போக வேண்டும். யாருக்காக இந்த மனுவோ அவர்கள் கீழே வர முடியாது என்பதுதானே பிரச்சினையே.

மகஜரை எப்படிக் கொடுப்பது?

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு சாப் (முத்திரை) வாங்குங்கள். கவுண்டரில் இருப்பவர் யோசித்தால் பொறுமையாக நில்லுங்கள். சாப் இல்லாமல் திரும்பாதீர்கள். ஆன்லைன் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து இணையுங்கள். “லிங்க் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

நான்கு பேர் போய்க் கொடுப்பதற்கு அனுமதி எதுவும் வேண்டாம். கூட்டமாகப் போவதென்றால் 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம் இருக்கிறது. ஐந்து நாள் முன்னதாகப் போலீசுக்கு அறிவிப்புக் கொடுக்கும் முறை அதில் உள்ளது. வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள்.

ஆன்லைன் மனுவால் எதுவாவது நடந்திருக்கிறதா?

மனுவால் மட்டும் நடந்தது என்று என்னால் ஒன்றையும் காட்ட முடியவில்லை. மனுவும் சேர்ந்து நடந்தவை உண்டு, நடக்காதவையும் உண்டு.

நம் சமூகத்தின் நினைவில் நிற்கும் பெரிய மனு ஆன்லைன் மனு அல்ல. 2007 நவம்பர் 25-இல் ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை இயக்கம் கோலாலம்பூரில் கூட்டிய பேரணி, பிரிட்டிஷ் அரசியாருக்கு ஒரு மனு கொடுப்பதற்காகத்தான். ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கிப் போனவர்கள் மீது கண்ணீர்ப்புகை, ரசாயனத் தண்ணீர். ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்டதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். அந்த மனுவின் கோரிக்கை, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மீது லண்டனில் வழக்கு நடத்த அரசியாரின் வழக்கறிஞர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது. அது நடக்கவில்லை. ஆனால் மறு ஆண்டு மார்ச் 8 பொதுத்தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, பினாங்கு ஆட்சியும் கைமாறியது. அதற்குப் பல காரணங்கள் இருந்தன. இந்தப் பேரணியும் ஒன்று என்பதை யாரும் மறுப்பதில்லை.

வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்க இளைஞர்கள் நடத்திய உண்டி18 இயக்கம் இன்னொன்று. 2019 ஜூலை 16-இல் மக்களவையில் 211 பேர் ஆதரவோடு, எதிர்ப்பே இல்லாமல் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. நிறைவேறிய பிறகும் அமலாக்கம் தள்ளிப்போனபோது அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர் நீதிமன்றம் ஆண்டு இறுதிக்குள் அமல்படுத்தச் சொன்னது, டிசம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. அவர்கள் எல்லாக் கட்சி உறுப்பினர்களையும் தேடிப்போய்ப் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பினாங்கின் தெற்கே கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் அமைக்கும் திட்டத்துக்கு எதிராக மீனவர்கள் போராடினார்கள். ஆன்லைன் மனு இருந்தது, நாடாளுமன்றத்துக்கும் வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வெற்றி மேல்முறையீட்டில்: 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. பிறகு புதிய அனுமதி வாங்கப்பட்டது. 2023-இல் மூன்று தீவு ஒரு தீவாகச் சுருங்கியது. இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா, அங்கே படகு வைத்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

நாகேந்திரன் தர்மலிங்கத்துக்காகப் போட்ட மனுவைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஈப்போவைச் சேர்ந்தவர், சிங்கப்பூரில் போதைப்பொருள் வழக்கில் மரண தண்டனை. அவரை மன்னிக்கும்படி சிங்கப்பூர் அதிபரைக் கேட்ட ஆன்லைன் மனுவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். 2022 ஏப்ரல் 27-இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. வேறொரு நாட்டு அரசாங்கத்துக்கு நம் ஓட்டு தேவையில்லை.

எதிர்த் தரப்பிலும் நம் ஆட்களே இருந்தால்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்கா நிலத்தில் உயரமான சர்வீஸ் அப்பார்ட்மெண்டுகள் கட்டக் கொடுத்த அனுமதியைக் குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் வென்று, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கோலாலம்பூரில் திட்ட அனுமதி பற்றிய முக்கியமான தீர்ப்பு அது. நல்லது.

அதே திட்டத்துக்குள் ஒரு பகுதி, அங்கேயே நீண்ட வீடுகளில் இருந்த பழைய புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகள். பெரும்பாலும் நம்மவர்கள். 1980-களில் தற்காலிகம் என்று சொல்லி அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள், பேரன் பேத்தி எடுத்த பிறகும் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள். பூங்கா வேண்டும் என்றவர்களில் பலர் இவர்களுக்கும் வீடு வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் “பூங்காவைக் காப்பாற்றுங்கள்” என்பது ஒரு வரியில் புரியும், பகிரத் தோன்றும். நாற்பது ஆண்டு வாக்குறுதி ஒரு வரியில் அடங்காது. ஆன்லைன் மனு யாருக்குச் சுலபமாகக் கைகொடுக்கும் என்பது எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. உங்கள் மனுவின் கோரிக்கை நிறைவேறினால் யாருடைய வீடு தள்ளிப்போகும் என்று எழுதுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். முடிந்தால் அவர்கள் கோரிக்கையையும் அதே மனுவில் சேருங்கள்.

பதிலே வரவில்லை. எவ்வளவு நாள் காத்திருப்பது?

இரண்டு வாரம் கழித்துச் சாப் வாங்கிய பிரதியோடு போன் செய்யுங்கள், ஒரு மாதத்தில் நினைவூட்டல் கடிதம். அப்புறம் பொதுப் புகார் பிரிவு, நாடாளுமன்ற உறுப்பினர், பத்திரிகை.

ஆனால் காத்திருக்கவே கூடாத விஷயங்கள் உண்டு. அரசாங்கத்தின் ஒரு முடிவை நீதிமன்றத்தில் நீதிப் பரிசீலனைக்குக் கொண்டுபோவதென்றால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மனுப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதற்காகக் கடிகாரம் நிற்காது. கட்டடத் திட்டங்களுக்கு வைக்கும் அறிவிப்புப் பலகையிலும் எதிர்ப்புத் தெரிவிக்கக் கடைசித் தேதி போட்டிருக்கும். ஆன்லைன் மனுவில் பெயர் போட்டது அந்த எதிர்ப்பைக் கொடுத்ததாக ஆகாது. முறைப்படி எழுத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டாயிரம் பேர் மனுவில் இருந்து, தேதிக்குள் எழுத்தில் எதிர்ப்புக் கொடுத்தவர் பத்துப் பேர் மட்டும் என்றால் கணக்கில் வருவது அந்தப் பத்துதான்.

பினாங்கில் என்ன வித்தியாசம்?

பினாங்குக்காரர்களுக்கு 40 சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நிலம் மாநில விவகாரம் என்பதால் கோவில் நிலம், மயான நிலம், குடியிருப்பு நிலம் எல்லாவற்றுக்கும் கொம்தார் கட்டடத்தில் உள்ள மாநில அரசாங்கம்தான். இந்துக் கோவில் சொத்து என்றால் இந்து அறப்பணி வாரியத்தின் பொறுப்பில் உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சிக்குத் தீவில் எம்பிபிபி, பெருநிலத்தில் எம்பிஎஸ்பி. உறுப்பினர்கள் நியமனம்தான். ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர மாநில அரசாங்கம் முயன்றது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை.

பினாங்குக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, அதை நம் ஆட்கள் அதிகம் எடுப்பதில்லை. 2015 ஜனவரி முதல் அமலில் உள்ள மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டப்படி மாநில இலாகாக்களிடமும் ஊராட்சியிடமும் ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மனுப் போடுவதற்கு முன்பே ஆவணத்தைக் கேளுங்கள். “ஏதோ திட்டம் வருகிறதாம்” என்று எழுதுவதற்கும், திட்ட அனுமதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

பிரச்சினை தீர்ந்த பிறகு மனுவை அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன ஆனது என்று இரண்டு வரி அனுப்பிவிட்டு மனுவை மூடுங்கள். பாதிதான் கிடைத்தது என்றால் பாதி என்றே சொல்லுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதையும். பெயர்ப் பட்டியல் காகிதங்கள் ஒருவர் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும், வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள். தேர்தல் நேரத்தில் அந்தப் பட்டியலைக் கேட்டு ஒருவர் நிச்சயம் வருவார், அவருக்குப் பின்னாலேயே இன்சூரன்ஸ் விற்பவரும்.